ஹென்றி சாட்விக்

ஹென்றி சாட்விக் (அக்டோபர் 5, 1824 – ஏப்ரல் 20, 1908) இங்கிலாந்தில் பிறந்து ஐக்கிய அமெரிக்காவில் வாழ்ந்த விளையாட்டுத்துறை இதழியலாளரும் நூலாசிரியரும் ஆவார். அடிபந்தாட்டம் (பேஸ்பால்) பற்றி ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் இடைவிடாது எழுதினார். அவ்விளையாட்டின் விதிகளைச் சீரமைப்பதிலும், ஆட்டத்தைப் பதிவு செய்யும் முறையை உருவாக்குவதிலும், வீரர்களின் திறனை எண்களால் அளவிடும் வழக்கத்தை ஏற்படுத்துவதிலும் பெரும் பங்காற்றினார். இதனால் தம் வாழ்நாளிலேயே "அடிபந்தாட்டத்தின் தந்தை" என அழைக்கப்பட்டார். 1908 ஆம் ஆண்டு ஆட்டப் பருவத்தின் தொடக்க நாட்களில், எழுத்துப் பணியில் இருந்தபோதே, குறுகிய கால நோய்க்குப் பின் காலமானார். 1938 இல் தேசிய அடிபந்தாட்டப் புகழவைக்குத் தேர்வு செய்யப்பட்டார்.

இளமைக்காலம்

சாட்விக் இங்கிலாந்தின் டெவன் மாவட்டத்தில் உள்ள எக்செட்டர் நகரில் பிறந்தார். இவருடைய தந்தை ஜேம்ஸ் சாட்விக் ஓர் இதழாசிரியர். பிரெஞ்சுப் புரட்சியின் கொள்கைகளில் ஈடுபாடு கொண்டவர். தந்தையின் முதல் மனைவிக்குப் பிறந்த எட்வின் சாட்விக், இங்கிலாந்தின் பொதுச் சுகாதாரச் சீர்திருத்தத்திற்கு வித்திட்ட புகழ்பெற்ற நிர்வாகி ஆவார். தொழிலாளர்களின் வாழ்விடச் சுகாதாரம் குறித்து அவர் 1842 இல் வெளியிட்ட அறிக்கை வரலாற்றுச் சிறப்பு வாய்ந்தது. தரவுகளைத் திரட்டி, அவற்றைக் கொண்டு ஒரு நிலையைச் சீர்திருத்த முயல்வது அண்ணன் தம்பி இருவருக்கும் பொதுவான பண்பு என வரலாற்றாய்வாளர்கள் குறிப்பிடுவர். அண்ணன் நோயையும் இறப்பையும் எண்ணினார். தம்பி ஓட்டங்களையும் பிடிகளையும் எண்ணினார்.

1837 ஆம் ஆண்டில், ஹென்றிக்குப் பன்னிரண்டு வயதானபோது, குடும்பம் அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்து நியூயார்க் நகரை அடுத்த புரூக்ளினில் குடியேறியது. இளமையில் இவர் இசையைக் கற்பித்து வருவாய் ஈட்டினார். 1840களில் செய்தித்தாள்களுக்கு எழுதத் தொடங்கினார். 1848 இல் வர்ஜீனியா மாநிலத்தின் ரிச்மண்ட் நகரைச் சேர்ந்த ஜேன் பாட்ஸ் என்பவரைத் திருமணம் செய்துகொண்டார்.

துடுப்பாட்டத்திலிருந்து அடிபந்தாட்டத்திற்கு

அக்காலத்தில் நியூயார்க், பிலடெல்பியா ஆகிய நகரங்களில் துடுப்பாட்டம் (கிரிக்கெட்) செல்வாக்குடன் விளங்கியது. இங்கிலாந்திலிருந்து குடியேறியவர்கள் தமக்கெனக் கழகங்களை அமைத்து ஆடினர். சாட்விக்கும் துடுப்பாட்டத்தை ஆடியதோடு அதன் செய்தியாளராகவும் பணியாற்றினார். அடிபந்தாட்டத்தைச் சிறுவர் விளையாட்டு என்றே பலரும் அப்போது கருதினர்.

1856 ஆம் ஆண்டில் நியூ செர்சி மாநிலத்தின் ஹோபோக்கன் நகரில் துடுப்பாட்டப் போட்டி ஒன்றைக் கண்டுவிட்டுத் திரும்பும் வழியில், எலிசியன் ஃபீல்ட்ஸ் என்னும் திடலில் ஈகிள், கோத்தம் ஆகிய இரு கழகங்களுக்கிடையே நடந்த அடிபந்தாட்டப் போட்டியை இவர் பார்த்தார். இங்கிலாந்தில் துடுப்பாட்டம் பெற்றிருந்த இடத்தை அமெரிக்காவில் இவ்விளையாட்டு பெறக்கூடும் என்ற எண்ணம் அன்றே தமக்குத் தோன்றியதாகப் பின்னாளில் எழுதினார். துடுப்பாட்டப் போட்டி முடிய ஒரு நாளோ இரு நாட்களோ ஆகும். அடிபந்தாட்டம் ஒரே பிற்பகலில் முடிந்துவிடும். வேலைக்குச் செல்லும் அமெரிக்க நகரத்தவருக்கு இதுவே ஏற்றது என்பது இவருடைய கணிப்பு.

நியூயார்க் கிளிப்பர் என்னும் வார இதழிலும் புரூக்ளின் ஈகிள் நாளிதழிலும் இவர் தொடர்ந்து எழுதினார். 1860 இல் பீடில் நிறுவனம் பத்துக் காசு விலையில் வெளியிட்ட அடிபந்தாட்டக் கையேட்டின் ஆசிரியராக இருந்தார். விதிகள், ஆடும் முறை, கழகங்களின் முந்தைய ஆண்டுப் பதிவுகள் ஆகியவற்றை ஒருங்கே தந்த இக்கையேடு ஆண்டுதோறும் வெளிவந்தது. 1867 இல் பால் பிளேயர்ஸ் குரோனிக்கல் என்ற வார இதழை நடத்தினார். 1868 இல் வெளியான இவருடைய "தி கேம் ஆஃப் பேஸ் பால்" முழுவதும் இவ்விளையாட்டுக்கென எழுதப்பட்ட தொடக்ககால நூல்களில் முதன்மையானது.

ஆட்டத்தைப் பதிவு செய்யும் முறை

சாட்விக்கின் பெயர் இன்றும் நினைவுகூரப்படுவதற்கு முதன்மைக் காரணம், இவர் வளர்த்தெடுத்த பதிவு முறையாகும். ஒரு போட்டியில் ஒவ்வொரு வீரரும் செய்தவற்றைச் சிறு அட்டவணையில் சுருக்கித் தருவது "பாக்ஸ் ஸ்கோர்" எனப்படும். துடுப்பாட்டத்தின் ஓட்ட அட்டையை மாதிரியாகக் கொண்டு 1859 அளவில் சாட்விக் இதனை விரிவுபடுத்தினார். மட்டையாளர் எடுத்த ஓட்டங்கள், அடிகள், களத்தில் எதிரணியினரை ஆட்டமிழக்கச் செய்த தடவைகள், அதற்குத் துணைபுரிந்த தடவைகள், களத்தடுப்புத் தவறுகள் ஆகியவை பின்னர் இதன் நிலையான பத்திகளாயின.

இவரே இம்முறையைக் கண்டுபிடித்தவர் எனப் பல நூல்கள் கூறுகின்றன. ஆயினும் ஓட்டங்களையும் ஆட்டமிழப்புகளையும் மட்டும் காட்டும் எளிய அட்டவணைகள் 1845 ஆம் ஆண்டிலேயே நியூயார்க் செய்தித்தாளில் வெளிவந்துள்ளன. ஆகவே, சாட்விக் இதனைப் புதிதாகப் படைத்தவர் என்பதைவிட, விரிவாக்கி நிலைபெறச் செய்தவர் என்பதே பொருந்தும்.

ஆட்டம் நடக்கும்போதே விரைவாகக் குறித்துக்கொள்ள, எழுத்துக்களால் ஆன சுருக்கக் குறியீட்டு முறை ஒன்றையும் இவர் பரப்பினார். முதல், இரண்டாம், மூன்றாம் தளங்களுக்கு முறையே ஏ, பி, சி என்ற ஆங்கில எழுத்துக்களைப் பயன்படுத்தினார். மற்றச் செயல்களுக்கு அவற்றைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லில் எளிதில் நினைவில் நிற்கும் ஓர் எழுத்தைத் தெரிவு செய்தார். மட்டையாளர் பந்தை அடிக்கத் தவறி ஆட்டமிழப்பதை "ஸ்டிரக்" என்ற சொல்லின் இறுதி எழுத்தான "கே" என்பதால் குறித்தார். மற்ற எழுத்துக்கள் பெரும்பாலும் வழக்கொழிந்துவிட்டன. "கே" மட்டும் இன்றும் நிலைத்துள்ளது. சிறந்த பந்து எறிபவர் ஆடும் நாட்களில், அவர் வீழ்த்தும் ஒவ்வொரு மட்டையாளருக்கும் ஒன்றாக, இவ்வெழுத்து எழுதிய அட்டைகளை இரசிகர்கள் அரங்கில் தொங்கவிடும் வழக்கம் உள்ளது.

புள்ளியியல் பங்களிப்பு

ஒரே ஆட்டத்தில் கண்ட சாகசத்தை வைத்து ஒருவரைச் சிறந்த வீரர் எனக் கொள்ளலாகாது என்பது சாட்விக்கின் உறுதியான கருத்து. பருவம் முழுவதும் தொகுத்த எண்களே உண்மையான திறனைக் காட்டும் என அவர் வலியுறுத்தினார். தொடக்கத்தில் ஓர் ஆட்டத்துக்கு எத்தனை ஓட்டங்கள், எத்தனை ஆட்டமிழப்புகள் என்ற சராசரிகளை வெளியிட்டார். ஓட்டம் எடுப்பது பிற வீரர்களின் செயலையும் சார்ந்திருப்பதால், 1860களின் பிற்பகுதியில் அடிகளைக் கணக்கிடத் தொடங்கினார்.

எனினும் ஓர் ஆட்டத்தில் மட்டை பிடிக்கும் வாய்ப்பு எல்லோருக்கும் சமமாகக் கிடைப்பதில்லை. வரிசையில் முதலில் வருபவருக்குக் கூடுதல் வாய்ப்பும் இறுதியில் வருபவருக்குக் குறைந்த வாய்ப்பும் கிடைக்கும். எனவே அடிகளை ஆட்ட எண்ணிக்கையால் வகுக்காமல், மட்டை பிடித்த தடவைகளால் வகுக்க வேண்டும் என்று 1870களின் தொடக்கத்தில் எச். ஏ. டாப்சன் என்பவர் கிளிப்பர் இதழுக்கு எழுதினார். இன்று வழங்கும் மட்டையடிச் சராசரியின் அடிப்படை இதுவே. இச்சராசரியை முழுமையாகச் சாட்விக்கே வகுத்தார் எனச் சில நூல்கள் கூறுவது சரியன்று.

எதிரணியின் தவறால் கிடைத்த ஓட்டத்தையும், மட்டையாளர்கள் தம் அடியால் ஈட்டிய ஓட்டத்தையும் பிரித்துக் காட்டியது இவருடைய மற்றொரு பங்களிப்பு. "ஈட்டிய ஓட்டம்" என்ற இக்கருத்திலிருந்தே பந்து எறிபவரின் திறனைக் காட்டும் இன்றைய சராசரி பிறந்தது. தேசிய லீக் அதனை அலுவல்முறையில் 1912 இல் ஏற்றுக்கொண்டபோது சாட்விக் உயிருடன் இல்லை.

விதிகள் சீரமைப்பு

1858 இல் உருவான தேசிய அடிபந்தாட்டக்காரர் சங்கத்தின் விதிகள் குழுவில் சாட்விக் நீண்ட காலம் பணியாற்றினார். அந்நாளில், அடிக்கப்பட்ட பந்து ஒருமுறை தரையில் பட்டு எழும்பிய பின் பிடித்தாலும் மட்டையாளர் ஆட்டமிழப்பார். இது சிறுவர்களுக்கு ஏற்ற விதி என்றும், வளர்ந்தவர்கள் துடுப்பாட்டத்தில் உள்ளதுபோல் பந்தைத் தரையில் படாமல் பிடிக்க வேண்டும் என்றும் சாட்விக் பல ஆண்டுகள் வாதிட்டார். கையுறை இல்லாமல் ஆடிய அக்காலத்தில் இதற்குக் கடும் எதிர்ப்பு இருந்தது. 1864 டிசம்பரில் சங்கம் இம்மாற்றத்தை ஏற்றது. 1865 பருவம் முதல் அது நடைமுறைக்கு வந்தது.

1867 இல் வாசிங்டன் நேஷனல்ஸ் கழகம் நாட்டின் மேற்குப் பகுதிகளில் மேற்கொண்ட சுற்றுப்பயணத்தில் சாட்விக் பதிவாளராக உடன் சென்றார். அப்பயணத்தில் அக்கழகம் ஒரே ஒரு போட்டியில் தோற்றது. ராக்ஃபோர்டு நகரின் ஃபாரஸ்ட் சிட்டி கழகத்துக்கு எதிரான அப்போட்டியில் எதிரணிக்காகப் பந்து எறிந்தவர் பதினேழு வயதான ஆல்பர்ட் ஸ்பால்டிங். பின்னாளில் புகழ்பெற்ற விளையாட்டுப் பொருள் நிறுவனத்தை நிறுவிய இவர், சாட்விக்கின் வாழ்நாள் நண்பராகவும் கருத்து மாறுபாட்டாளராகவும் விளங்கினார்.

சூதாட்டத்திற்கு எதிரான எழுத்து

ஆட்டங்களின் மீது பந்தயம் கட்டுவதும், பணம் பெற்றுக்கொண்டு வேண்டுமென்றே தோற்பதும் 1860களிலும் 1870களிலும் பரவியிருந்தன. சாட்விக் தம் பத்திகளில் இவற்றை ஓயாது கண்டித்தார். ஐயத்திற்குரிய ஆட்டங்களைச் சுட்டிக்காட்டினார். விளையாட்டு மக்களின் நம்பிக்கையை இழந்தால் அது அழிந்துவிடும் என்பது அவருடைய வாதம். 1877 இல் லூயிவில் அணியின் நான்கு வீரர்கள் ஆட்டங்களை விட்டுக்கொடுத்ததற்காக வாழ்நாள் தடை பெற்றமை, இத்தகைய எச்சரிக்கைகள் வெறும் அச்சமல்ல என்பதைக் காட்டியது. குடிப்பழக்கம், நடுவரிடம் வாதிடுதல் ஆகியவற்றையும் இவர் கண்டித்தார். அறிவுரை கூறும் இத்தொனி சில வேளைகளில் வீரர்களுக்கும் பிற செய்தியாளர்களுக்கும் எரிச்சலூட்டியது.

தேசிய லீக்கும் ஸ்பால்டிங் வழிகாட்டியும்

1876 பெப்ரவரியில் சிகாகோவைச் சேர்ந்த வில்லியம் ஹல்பர்ட் முன்னின்று, கழக உரிமையாளர்களின் அமைப்பாகத் தேசிய லீக்கை உருவாக்கினார். இது மூடிய அறையில் எடுக்கப்பட்ட முடிவு என்று சாட்விக் கடுமையாக எழுதினார். சீர்திருத்தத்தை எதிர்க்கவில்லை, அது செய்யப்பட்ட முறையையே எதிர்த்தார். இதன் விளைவாக விதிகளை வகுக்கும் இடத்தில் அவருக்கிருந்த செல்வாக்குக் குறைந்தது.

எனினும் எழுத்தாளர் என்ற மதிப்பு குறையவில்லை. 1881 முதல் இறக்கும் வரை ஸ்பால்டிங்கின் அலுவல்முறை அடிபந்தாட்ட வழிகாட்டியின் ஆசிரியராக இருந்தார். நாடெங்கும் பரவலாகப் படிக்கப்பட்ட ஆண்டு மலர் இது. ஆண்டின் புள்ளிவிபரங்களும் திருத்தப்பட்ட விதிகளும் இதன்வழியே வாசகர்களைச் சென்றடைந்தன. 1890களில் தேசிய லீக் இவருடைய பணியை மதித்து ஓய்வூதியம் வழங்கியது.

தோற்றம் பற்றிய விவாதம்

அடிபந்தாட்டம், தாம் சிறுவயதில் இங்கிலாந்தில் ஆடிய ரவுண்டர்ஸ் என்னும் விளையாட்டிலிருந்து தோன்றியது எனச் சாட்விக் நெடுங்காலமாக எழுதிவந்தார். 1903 ஆம் ஆண்டு வழிகாட்டியில் இதனை மீண்டும் விரிவாக எழுதினார். ஸ்பால்டிங் இதனை ஏற்கவில்லை. அமெரிக்காவின் தேசிய விளையாட்டு அமெரிக்க மண்ணிலேயே தோன்றியிருக்க வேண்டும் என்பது அவர் நிலைப்பாடு. 1905 இல் அவருடைய முயற்சியால், தேசிய லீக்கின் முன்னாள் தலைவர் ஆபிரகாம் மில்ஸ் தலைமையில் ஓர் ஆய்வுக் குழு அமைக்கப்பட்டது.

மில்ஸ் 1907 டிசம்பர் 30 நாளிட்ட தம் அறிக்கையில், ஆப்னர் டபுள்டே என்ற இராணுவ அதிகாரி 1839 இல் நியூயார்க் மாநிலத்தின் கூப்பர்சுடவுன் சிற்றூரில் இவ்விளையாட்டை உருவாக்கினார் என முடிவு கூறினார். இதற்குச் சான்றாக இருந்தது, ஆப்னர் கிரேவ்ஸ் என்ற முதியவர் தம் சிறுவயது நினைவிலிருந்து எழுதியது மட்டுமே. 1839 இல் டபுள்டே வெஸ்ட் பாயின்ட் இராணுவக் கல்விக்கழகத்தில் மாணவராக இருந்தார். 1893 இல் இறந்த அவர், தாம் இவ்விளையாட்டை உருவாக்கியதாக எங்கும் குறிப்பிடவில்லை.

சாட்விக்கின் கருத்தை மறுத்த இவ்வறிக்கை, சாட்விக்கே ஆசிரியராக இருந்த 1908 ஆம் ஆண்டு வழிகாட்டியில் வெளியானது. அவர் தம் கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை. மில்ஸின் வாதம் திறமையானது, ஆனால் உண்மையை மாற்றவல்லதன்று என்னும் பொருள்பட நகைச்சுவையுடன் அவருக்கு எழுதினார். ஸ்பால்டிங்குடனான நட்பும் இதனால் முறியவில்லை. இது அவர் பங்கேற்ற கடைசி விவாதம் ஆயிற்று.

பிற்கால ஆய்வுகள் டபுள்டே கதையை முற்றிலும் மறுத்துள்ளன. 1744 இல் இலண்டனில் ஜான் நியூபெரி வெளியிட்ட சிறுவர் நூலில் "பேஸ்-பால்" என்ற பெயரும் படமும் இடம்பெற்றுள்ளன. ரவுண்டர்ஸ் என்ற பெயரோ 1828 இல்தான் நூலில் காணப்படுகிறது. இவற்றை ஆராய்ந்த டேவிட் பிளாக், 2005 இல் வெளியிட்ட நூலில் அடிபந்தாட்டம் ரவுண்டர்சிலிருந்து பிறக்கவில்லை என்றும், பழைய ஆங்கிலேய "பேஸ்-பால்" ஆட்டத்தின் வழிவந்தது என்றும் காட்டினார். ஆக, வேர் இங்கிலாந்தில் உள்ளது என்பதில் சாட்விக் சொன்னது சரி. எந்த ஆட்டத்திலிருந்து என்பதில் அவர் சொன்னது பிழை.

இறப்பு

எண்பத்து மூன்று வயதிலும் சாட்விக் ஆடுகளத்திற்குச் செல்வதையும் எழுதுவதையும் நிறுத்தவில்லை. 1908 ஆம் ஆண்டு வழிகாட்டி வெளிவந்து சில வாரங்களே ஆகியிருந்தன. பருவத் தொடக்கத்தில், குளிர் நீங்காத ஏப்ரல் மாதத்தில், ஆட்டம் காணச் சென்றவருக்குச் சளி பிடித்தது. அது நுரையீரல் அழற்சியாக முற்றியது. ஏப்ரல் 20 அன்று புரூக்ளினில் உயிர் நீத்தார்.

ஆடுகளங்களில் கொடிகள் அரைக் கம்பத்தில் பறக்கவிடப்பட்டன. வீரர்களும் கழக உரிமையாளர்களும் செய்தியாளர்களும் இவருக்கு அஞ்சலி செலுத்தினர். ஒரு விளையாட்டுச் செய்தியாளரின் மறைவுக்கு இத்தகைய பொது மரியாதை அளிக்கப்பட்டது அந்நாளில் அரிது. அவரால் கண்டிக்கப்பட்டவர்களும் அவருடைய நேர்மையை ஐயுறவில்லை என்பதை இது காட்டுகிறது.

புரூக்ளினின் கிரீன்-வுட் கல்லறைத் தோட்டத்தில் இவர் உடல் அடக்கம் செய்யப்பட்டது. அடிபந்தாட்டத் துறையினர் அங்கு எழுப்பிய நினைவுச் சின்னத்தின் உச்சியில், தையல் கோடுகளுடன் செதுக்கப்பட்ட கருங்கல் பந்து உள்ளது. மட்டைகள், கையுறை, பந்து பிடிப்பவரின் முகக்கவசம் ஆகியவை வெண்கலத்தில் பொறிக்கப்பட்டுள்ளன. கல்லறையின் மூலைகளில் ஆட்டத்தின் தளங்களைப் போன்ற கற்கள் பதிக்கப்பட்டுள்ளன.

இவர் மறைந்த அதே ஆண்டின் அக்டோபரில், உலகத் தொடர் போட்டிகளின்போது டெட்ராய்ட் நகரில் கூடிய செய்தியாளர்கள் அமெரிக்க அடிபந்தாட்ட எழுத்தாளர் சங்கத்தை நிறுவினர்.

நினைவும் மரபும்

சாட்விக் தம் நூல்களையும் செய்தித் துணுக்குத் தொகுப்புகளையும் ஸ்பால்டிங்குக்கு விட்டுச் சென்றார். ஸ்பால்டிங் 1911 இல் வெளியிட்ட அடிபந்தாட்ட வரலாற்று நூலுக்கு இவை பயன்பட்டன. 1921 இல் அத்தொகுப்பு நியூயார்க் பொது நூலகத்துக்கு வழங்கப்பட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டு அடிபந்தாட்டத்தை ஆராய்வோருக்கு அது இன்றும் அடிப்படை ஆவணமாக உள்ளது.

1938 இல் இவர் புகழவைக்குத் தேர்வு செய்யப்பட்டார். 1939 சூன் 12 அன்று புகழவை திறந்து வைக்கப்பட்ட இடம் கூப்பர்சுடவுன். டபுள்டே அங்கு ஆட்டத்தைக் கண்டுபிடித்ததாகச் சொல்லப்பட்டதன் நூற்றாண்டு நிறைவையொட்டியே அது திறக்கப்பட்டது. டபுள்டே புகழவைக்குத் தேர்வு செய்யப்படவில்லை. அக்கதையை மறுத்த சாட்விக்கின் பட்டயமோ அங்கே உள்ளது. 1962 முதல் எழுத்தாளர் சங்கம் சிறந்த எழுத்தாளர்களுக்குத் தனி விருது வழங்கி வருகிறது; அதனைப் பெறுவோர் புகழவையின் உறுப்பினர்களாகக் கருதப்படுவதில்லை. எழுத்துப் பணிக்காகவே உறுப்பினரானவர் என்ற வகையில் சாட்விக்கின் இடம் தனித்தன்மை வாய்ந்தது.

அமெரிக்க அடிபந்தாட்ட ஆய்வுக் கழகம் 2010 முதல், ஆட்டத்தின் வரலாற்றையும் புள்ளியியலையும் வளர்த்த ஆய்வாளர்களுக்கு ஹென்றி சாட்விக் விருதை வழங்குகிறது. பில் ஜேம்ஸ், பீட் பால்மர் முதலியோர் முதலாண்டில் இதனைப் பெற்றனர்.

மதிப்பீடு

சாட்விக்கின் அளவீடுகள் அவருடைய விருப்பு வெறுப்புகளையும் தாங்கியிருந்தன. நான்கு தவறான வீச்சுகளால் மட்டையாளர் முதல் தளத்தை அடைவதை அவர் எறிபவரின் பிழையாக மட்டுமே கருதினார். பொறுமையுடன் நின்ற மட்டையாளருக்கு மதிப்பளிக்கவில்லை. பெரும் அடிகளைவிட, களத்தின் இடைவெளி பார்த்து அடிப்பதையே அவர் உயர்ந்த ஆட்டமாகக் கொண்டார். இப்பார்வை மட்டையடிச் சராசரியில் படிந்து நூறாண்டுகளுக்கு மேல் நீடித்தது. இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் புள்ளியியல் ஆய்வாளர்கள் இதனைக் கேள்விக்கு உட்படுத்தினர். ஆயினும் அவர்கள் அதற்குப் பயன்படுத்திய பழைய ஆட்டப் பதிவுகள், சாட்விக் நிலைபெறச் செய்த முறையில் தொகுக்கப்பட்டவையே.

இவருடைய முக்கிய வெளியீடுகள்

பீடில் பத்துக் காசு அடிபந்தாட்டக் கையேடு (1860 முதல்)
தி கேம் ஆஃப் பேஸ் பால் (1868)
அமெரிக்கச் சிறுவர்களின் விளையாட்டுகளும் பொழுதுபோக்குகளும் பற்றிய நூல் (1884)
ஸ்பால்டிங் அலுவல்முறை அடிபந்தாட்ட வழிகாட்டி (ஆசிரியர், 1881–1908)

இவற்றையும் பார்க்கவும்

அடிபந்தாட்டம்
துடுப்பாட்டம்
எட்வின் சாட்விக்
தேசிய அடிபந்தாட்டப் புகழவை